பாசியும் முத்தும்

டம்ளரில் ஆசிட்டை ஊற்றும்போது ரெக்சனின் கை நடுங்கியது.

ரெக்சன் என் கணவர். கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். பாதி ஆயுசை ஆசிட்டோடு குடித்தனம் நடத்தியவர். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டுக்கா இந்தப் பாடு என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

சாப்பாட்டு மேசையில் கண்ணாடி டம்ளர் இரண்டு. ஒன்று என் சங்கிலியிலிருந்து கழற்றிய முத்துக்கு. இன்னொன்று என் மாமியாரின் மாலையிலிருந்து உருவிய முத்துக்கு.

வழக்கு இதுதான். கடைசியாக முத்துக்குளிப்புச் சலாபம் நடந்தபோது என் தாத்தா கடலில் முங்கி எடுத்த முத்துகள் என்னுடையவை. கல்யாணத்தன்று அப்பா அப்படிச் சொல்லித்தான் என் கழுத்தில் போட்டார். மாமியார் தேவகனி டீச்சர் அன்றைக்கே அதை வெறும் கண்ணாடி மணியாக்கிப் பெயர் மாற்றிவிட்டார். பாசி.

பாசியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளி. பாசி அறுந்துவிடப் போகிறது. ஆறு வருஷமாக இதே பாட்டு. வாய் தவறிக்கூட முத்து என்று வந்ததில்லை. கடற்கரைக் கத்தோலிக்கப் பெண்ணை நாசரேத்து சி.எஸ்.ஐ. குடும்பத்தில் கட்டிக்கொடுத்தால் ஜெபம் வேறாக இருக்கும், மீன்குழம்பு வேறாக இருக்கும் என்று தெரியும். முத்துக்கூட வேறாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

இன்று சாயர்புரத்தில் மாமியாரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். புறப்படுகிற நேரத்தில் என் கழுத்தைப் பார்த்தார்.

"அந்தப் பாசியைப் போட்டுட்டு எங்க ஆளுக முன்னால வராதளா. உங்கப்பா ஏமாந்தாரோ, ஏமாத்துனாரோ, நமக்கு எதுக்கு?"

ஏமாத்துனாரோ. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா போன வருஷம்தான் தவறினார். அவர் பேருக்குப் பதில் சொல்ல இனி நான்தான்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். மாமியாருக்கு ஏக சந்தோஷம். ஆசாரி தங்கத்தின் மேல் ஆசிட் விடுவதை அவர் பார்த்திருக்கிறார். அசல் அப்படியே நிற்கும், போலி பல்லிளிக்கும். தங்கத்துக்கு ஒரு நியாயம், முத்துக்கு ஒரு நியாயமா என்ன?

ஆமாம், வேறு நியாயம்தான். எனக்கு அதைச் சொன்னதே இந்த ரெக்சன். கல்யாணமான புதிதில் மற்ற புருஷன்மார் முத்தே மணியே என்று கொஞ்சுவார்கள். இவர் என் முத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கால்சியம் கார்பனேட் என்றார். முட்டை ஓடு, கடற்கரையில் காலைக் கிழிக்கிற சிப்பி, நெஞ்செரிச்சலுக்கு மெல்லுகிற மாத்திரை எல்லாம் அதே சரக்குதானாம். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடுமாம். காதல் வசனம் அத்தோடு முடிந்தது.

ஆக, கரைவதுதான் அசல். அதைப் பாடமாக நடத்திச் சம்பளம் வாங்குகிறவர் பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதெல்லாம் வேறு. நேரமாகிறது என்றார். ஆசிட் தீர்ந்துவிட்டது என்றார். நான் பாட்டிலைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தேன்.

அத்தை மாலையிலிருந்தும் ஒன்று போடுவோம் என்றேன். இரண்டும் கரையட்டும், இரண்டும் அசல் என்று ஆகிவிடட்டும் என்பது என் எண்ணம். ரெக்சன் வெளிறிப்போனார். அம்மாவின் முத்து ஒன்று கரைவதைக்கூடத் தாங்க மாட்டார். என் அப்பாவின் மானம் என்றால் மட்டும் இளக்காரம்.

இரண்டு முத்துகளும் விழுந்தன.

என்னுடையது விழுந்தவுடனே பொங்கியது. நுரைத்து, சிறுத்து, மாமியார் காபி குடித்து முடிப்பதற்குள் ஆளைக் காணோம்.

மற்ற டம்ளரில் மாமியாரின் முத்து குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு குமிழி இல்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மாமியார் கைதட்டாத குறைதான்.

"பாத்தியாளா? அசலை ஆசிட்டு என்ன செய்யும்? எம் மவன் மொத மாசச் சம்பளத்துல வாங்கித் தந்ததுல்லா!"

நான் ரெக்சனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அந்தக் கை எதற்கு நடுங்கியது என்று அப்போதுதான் விளங்கியது.

கால்சியம் கார்பனேட் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் சொல்லலாம். ஆனால் இதைச் சொல்ல வேண்டியவர் எதிரே நிற்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாமியார் சிக்கனக்காரர்.

"ஏலே, அந்த ஆசிட்டைச் சும்மா கொட்டாத. கக்கூஸுல ஊத்து, கறை போவும்."

ரெக்சன் என் டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தார். நிஜமாகவே நடந்தார்.

"ஊத்துங்க," என்றேன். "எங்க தாத்தா கடல்ல முங்குனாரு. உங்க கக்கூஸுலயும் ஒரு தடவை முங்கட்டும்."

கக்கூஸ் கதவைத் திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் முதுகுதான் தெரிந்தது. பிறகு திரும்பி வந்து டம்ளரை மேசையில் வைத்தார்.

"யம்மா, கரைஞ்சதுதான் முத்து."

மாமியார் என் டம்ளரைப் பார்த்தார். தன் டம்ளரைப் பார்த்தார். கடைசியாக மகனைப் பார்த்தார்.

ஒரு கரண்டியை எடுத்து வந்து, தன்னுடையதை அள்ளிக் குழாயில் கழுவினார். முந்தானையில் நிதானமாகத் துடைத்தார். எனக்கு ஜெயித்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

அதையும் மாலையையும் மகனிடம் நீட்டினார்.

"கோத்துக் குடுல. வெலைய மட்டும் சொல்லிராத."