கிரீமுக்கு அடியில்

"என் கல்யாணக் கேக் அம்மா இருந்தப்போ செஞ்ச மாதிரியே இருக்கணும் பெரியம்மா," என்றாள் தங்கை மகள். ஊர் விட்டு ஊர், பழகாத ஓவன். பயத்தில், பாதி வெந்ததுமே கதவைத் திறந்து பார்த்துவிட்டேன்.

கேக் நடுவில் அமுங்கிவிட்டது. குழியில் கிரீமை நிரப்பி மறைத்தேன்.

மண்டபத்தில் அவள் வெட்டியதும் கத்தி பொதுக்கென்று உள்ளே போனது.

"என்ன, கத்தி கிணத்துல விழுந்துடுச்சா?" என்றான் மாப்பிள்ளை.

அவள் அழுதாள். நான் அவள் பக்கத்தில் ஓடினேன்.

"மன்னிச்சுடு கண்ணு. பயத்துல ஓவனைத் திறந்துட்டேன்."

"அம்மாவும் ஒவ்வொரு தடவையும் திறந்துடுவாங்க பெரியம்மா. இந்தக் குழி கிரீம் எனக்குத்தான்!" என்று கட்டிக்கொண்டாள்.

தங்கை கண்மூடிய பிறகும்கூட, அந்த நிமிடம்வரை, அவள் கைக்குத் தப்பே வராது என்றுதான் நான் நம்பியிருந்தேன்.