முதலில் உருளை, பிறகு சாயம்

தீயணைப்பு வீரர்களின் சட்டைக்கு நூல் செய்கிற ஆலை ஒன்றில், ஒரே துளையிலிருந்து இரண்டு இழைகள் ஈரத்தோடு பிறந்தன. அவை போகிற வழியில் ஒரு சாயத்தொட்டி இருந்தது. அதைத் தாண்டினால், நெருப்பைத் தாங்கும்படி இழையை இறுக்குகிற சூட்டு உருளை.

முந்திப் பிறந்த மூத்த இழைக்கு, நெருப்பு என்ற சொல்லே குலைநடுக்கம்.

"கொஞ்சம் நில்லப்பா," என்றது தொட்டியில் கிடந்த ஆரஞ்சுச் சாயம். "ஈரம் இருக்கும்போது நான் உள்ளே வந்தால்தான் உண்டு. உருளையில ஏறிட்டா நீ இறுகிப் போயிடுவே."

"முதல்ல நான் நெருப்பைத் தாங்கணும். நிறமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்று மூத்தது விறுவிறுவென்று உருளைக்குப் போய்விட்டது. இளையதோ தொட்டியில் இறங்கி, சாயத்தை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகுதான் சூட்டுக்குப் போனது.

நன்றாக இறுகியதும் மூத்தது தெம்பாகத் தொட்டிக்குத் திரும்பி வந்தது. சாயம் எவ்வளவோ முட்டிப் பார்த்தது. வழுக்கி வழுக்கி விழுந்தது.

"கதவையெல்லாம் சாத்திட்டு வந்து நிக்கிறியேப்பா," என்றது.

இரண்டையும் ஒரே சட்டையின் கையில் நெய்தார்கள். இளையது ஆரஞ்சுப் பட்டை. மூத்தது அதையொட்டிய வெளிறிய துணி.

ஒரு நாள் பஞ்சுக் கிடங்கு ஒன்று பற்றிக்கொண்டது. அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு வீரர் உள்ளே போனார். புகைக்குள் திசை தெரியாமல் தவழ்ந்த ஒருத்தி, "அதோ!" என்று கத்திக்கொண்டே வந்து, பளிச்சென்று தெரிந்த அந்த ஆரஞ்சுப் பட்டையைப் பற்றினாள். வெளியே வந்த பிறகும் அவள் பிடியை விடவில்லை.

மூத்தது தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டது. நெருப்பு அதைத் தொடவே இல்லை.

அவளுடைய கையும்தான்.