கை வைக்க வேண்டாத டிராக்டர்

பளார் என்று விழுந்தது அறை.

முனீஸுக்குக் கண்ணே இருட்டிவிட்டது. பெற்ற அப்பன்கூட அவன்மேல் கை நீட்டியதில்லை. கல்யாணம் ஆகி, மனைவி மாசமாக இருக்கும் நேரத்தில் இப்படி ஒரு அறையா?

அடித்தது வேறு யாருமில்லை, முதலாளி ரத்தினசாமி. மண்ணரையில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். முனீஸ் அங்கே கட்டிங் மாஸ்டர். கம்பெனியில் கடைசி ஹெல்பரைக்கூட 'வாப்பா, போப்பா' என்றுதான் கூப்பிடுவார். அந்த மனுஷனா அடித்தார் என்று அவனால் நம்பவே முடியவில்லை.

முதலாளியம்மா நஞ்சம்மாள் பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சுங்களா? ஞாயித்துக்கெழமையும் அதுவுமா, கூப்புட்ட மரியாதைக்கு வந்த பையனைப் போயி அடிச்சுப்போட்டீங்களே."

"நீ சும்மா இரு. இப்ப என்ன ஆகியிருக்கும்னு உனக்குத் தெரியுமா?" முதலாளி கத்தினார்.

அவிநாசிப் பக்கம் இருக்கிற தோட்டத்துக்குப் புது டிராக்டர் எடுத்திருந்தார். டிரைவருக்குக் காய்ச்சல். மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை வண்டியில் மாட்டிப் பார்க்கத் துணைக்கு ஒரு ஆள் வேண்டுமென்று முனீஸுக்கு போன் போட்டார். அவனும் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன்தானே, டிராக்டரோடு வளர்ந்தவன். சந்தோஷமாகக் கிளம்பி வந்துவிட்டான்.

அவன் ஊர்ப் பழக்கம் என்னவென்றால், ஒருத்தர் வண்டியை ரிவர்ஸில் கொண்டுவருவார். இன்னொருத்தர் வண்டிக்கும் ரொட்டவேட்டருக்கும் நடுவில் புகுந்து, வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைகளைத் தூக்கிப் பிடித்து மாட்டுவார். புகுந்த ஆளுக்குக் கை தப்பினால் அது அவன் அதிர்ஷ்டம்.

முதலாளி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, பின்பக்க மட்கார்டில் இருந்த பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். அதைக் கவனிக்காமல் இவன் பாட்டுக்கு உள்ளே கையை விட்டான். இரும்பு விறுவிறுவென்று இறங்கியது. முதலாளி பட்டனை விட்டு, அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, இழுத்த வேகத்தில் ஒரு அறையும் விட்டார்.

"கையைக் காட்டு" என்றார்.

முனீஸ் நீட்டினான். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டு, அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நடுவுல ஆளே போகக் கூடாதுன்னுதானப்பா இத்தனையும் சொல்லி மாட்டியிருக்கறேன். ஏத்தறதும் எறக்கறதும் இந்தப் பட்டன்லயே. மேல இருக்குது பாரு டாப் லிங்க், அதை முன்னெல்லாம் கையில திருகோணும். இப்ப ஹைட்ராலிக். சீட்டுல இருந்தே லீவரைத் தள்ளுனா நீளும், குறுகும். ஒரு பக்கமா சாஞ்சிருந்தா நேராக்கறதுக்கும் தனியா ஒண்ணு இருக்குது. ஷோரூம்காரன், இதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்கன்னு கேட்டான். மனுசன் கைக்கு வெலை போட முடியுமான்னு நான் திருப்பிக் கேட்டேன்."

முனீஸ் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அறை வாங்கிய கன்னம் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் கையைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் இவர்தான்.

கம்பெனியில் கட்டிங் டேபிளில் அடுக்கடுக்காகத் துணியை விரித்து, மெஷினைத் தள்ளிக்கொண்டே போகும்போது இடது கை கத்திக்குப் பக்கத்திலேயே ஓடும். பக்கத்து டேபிள் சுரேந்தருக்கு ஆடி மாசத்தில் ஒரு விரல் பாதியோடு போனது. அதிலிருந்து மெஷின் சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் முனீஸ் தன் விரல்களை ஒருமுறை எண்ணிக்கொள்வான். கைக்குப் பாதுகாப்பாக ஏதாவது வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. இவ்வளவு நல்ல மனுஷனிடம் கேட்பதற்கு என்ன பயம் என்று இப்போது தோன்றியது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக முதலாளி ரூமுக்குப் போனான்.

"வாப்பா. கன்னம் இன்னும் வலிக்குதா?" முதலாளி சிரித்தார்.

"அதெல்லாம் இல்ல முதலாளி. ஒண்ணு கேக்கணும். பீரோவுல ஸ்டீல் கிளவுஸ் வச்சிருக்கீகள்ல, கத்தி பட்டாலும் அறுக்காதே, அது. அதைத் தெனமும் போட்டுக்கிட்டு வேலை பாக்கட்டுமா?"

முதலாளி முகத்தில் கோபம் எதுவும் இல்லை. எப்போதும் போலத் தன்மையாகத்தான் பேசினார்.

"அது சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வர்றப்பப் போடறதுக்கப்பா. அதை மாட்டிட்டு வேலை செஞ்சா கை ஓடாது, பீஸ் கொறையும். வெள்ளிக்கெழமை ஷிப்மென்ட் வேற இருக்குது. நீ போயி மெஷினைப் போடு."

முனீஸ் நகரவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்றே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"நேத்து எங் கைக்காக அந்தத் துடி துடிச்சீகளே, முதலாளி?"

ரத்தினசாமி நிஜமாகவே புரியாமல் அவனைப் பார்த்தார். பிறகு புரிந்துபோய், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"உன்ற கைக்கா? நேத்துத்தான் வண்டிக்குப் பூசை போட்டது, கண்ணு. மொத நாளே அதுல ரத்தம் பட்டா நல்லாவா இருக்கும்?"