மூன்றாவது கொடி

“தம்பி, ரெண்டு கொடி போயிடுச்சு. மூணாவதையாவது காப்பாத்திக் கொடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் ஒரு வீடு. ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடியே டௌவே சொன்னார். எழுபத்திரண்டு வயது. எலும்பு வரை பரவிவிட்ட புற்றுநோய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று மூச்சு வாங்கினார்.

“நல்லா மொட்டு விட்டுச்சு. பூக்கப்போற சமயத்துல ஒரே நாள்ல தொங்கிடுச்சு, ரெண்டும்.”

“கிளமாட்டிஸ் கொடிக்கு வாடல் நோய் வர்றதுதான் ஐயா. பார்த்துடறேன்,” என்றான் நர்சரிக்காரன் யெல்மர்.

“இந்த வருஷப் பூவை நான் பார்க்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

தோட்டத்துக்கு அவருடைய மனைவி ஹிஸ்கேவும் கூடவே வந்தாள்.

“நத்தையாத்தான் இருக்கும்ப்பா. இந்த மழைக்கு ஃப்ரீஸ்லாந்து பூரா நத்தைதான். மருந்தைக் கொடுத்துட்டுப் போ, நானே தூவிக்கிறேன்.”

“நத்தை கடிச்சா இலையில ஓட்டை இருக்குமேம்மா. இதுல ஒண்ணையும் காணோம்.”

வாடிய தண்டைப் பிளந்து பார்த்தான். உள்ளே கறுப்பு ஓடவில்லை, நோயில்லை. மண்ணை முகர்ந்தான். அழுகல் வாடையும் இல்லை.

“அடியில கிளறாதே, வேர் அறுந்துடும்!” ஹிஸ்கே பதறினாள்.

அதற்குள் அவன் கொடியின் அடியில் பரப்பியிருந்த மரப்பட்டைத் தூளை விலக்கிவிட்டான். தரைக்கு ஒரு விரல் மேலே தண்டு சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. பக்கத்துக் கொடியிலும் அதே வெட்டு.

“யாரோ வெட்டியிருக்காங்கம்மா! வெட்டினது தெரியாம மூடி வேற வச்சிருக்காங்க.”

நிமிர்ந்து பார்த்தான். அவளுடைய கை மேலங்கிப் பையை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்களுக்கு நடுவே செடி வெட்டும் கத்தரிக்கோலின் சிவப்புப் பிடி தெரிந்தது.

“நீங்களா?”

அவள் அவனைப் பார்க்கவில்லை. மூன்றாவது கொடியைப் பார்த்தாள். அதன் உச்சியில் ஒரு மொட்டு, நுனியில் ஊதா தெரிய, நாளையோ மறுநாளோ விரிந்துவிடும் போலிருந்தது.

யெல்மருக்கு ஆத்திரம் பொங்கியது.

“நீங்கல்லாம் மனுஷங்கதானா? எழுந்திருக்க முடியாமக் கிடக்கிறவர் கேக்கறது ஒரு பூ. அதைக்கூடக் கண்ணால பார்க்க விடமாட்டீங்களா? அப்படி என்னம்மா அவர் மேல கோபம்?”

“கோபமா?” அவள் உதடு கோணியது. ஜன்னலுக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினாள். “நாப்பத்தேழு வருஷம் ஒண்ணா இருந்தவருப்பா. ‘வலி தாங்கலை, ஊசி போட்டு முடிச்சுடுங்க’ன்னு டாக்டர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டார். இந்த நாட்டுச் சட்டம் அதுக்கு இடம் கொடுக்குது, டாக்டரும் சரின்னுட்டார். முதல் பூ விரிஞ்ச மறுநாள்னு நாள் குறிச்சிருக்கு.”