குளியல் காட்சி

காளவாசல் டூரிங் டாக்கீஸில் முதல் ஆட்டம் தொடங்கவிருந்தது. கீழக்குயில்குடியிலிருந்து நடந்தே வந்த மலையம்மாள், ஆபரேட்டர் சோலையின் முன்னால் கைகூப்பி நின்றாள்.

“படத்துல குளிக்கிறாளே, அவ என் மகய்யா.”

முதுகு தெரியக் குளிப்பவளைக் கொல்ல ஒருவன் பின்னால் கத்தியோடு வரும் காட்சி அது. டவுனில் அதைப் பார்த்தவர்கள் அவள் பெயரை ஊரெல்லாம் நாறடித்திருந்தார்கள்.

“கவலப்படாத ஆத்தா. அந்த எடம் வந்ததும் லென்ஸைக் கையால மூடிருவேன். மொதலாளி உத்தரவு. ஒருத்தன் கண்ணுலயும் படாது.”

“மூடாதய்யா. இன்னைக்கு மட்டும் விட்டுரு.”

“பெத்தவ பேசுற பேச்சா இது?”

அவள் கூப்பிய கையை இறக்கவில்லை.

சோலை மூடவில்லை. திரை முழுக்க அந்த முதுகு. ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. கத்தியைக் கண்டு பெண்கள் அலறினார்கள். மலையம்மாள் மட்டும் எழுந்து நின்று கண்கொட்டாமல் பார்த்தாள்.

இடைவேளையிலேயே அவனிடம் வந்துவிட்டாள்.

“புருசன் மாட்டுச் சாட்டையால அடிச்சு, முதுகெல்லாம் புண்ணோடதான்யா ஓடிப்போனா. அதுக்கப்புறம் அவள நான் பாக்கவே இல்ல.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆறிருச்சுய்யா.”