நெற்றியில் ஐந்து கோடு

சனிக்கிழமை மாலை, மழை விட்டு வெயில் அடிக்கிறது. ஆவூர் மாதா கோயிலின் நிழல் மைதானத்தில் பாதிவரை நீண்டு கிடக்கிறது. எதிரணியான குளத்தூர்த் தாலுகா கச்சேரி குமாஸ்தாக்களின் பூட்ஸ் மிதித்த இடமெல்லாம் செம்மண் சேறாகத் தெறிக்கிறது. எங்கள் பதினொரு பேருக்கும் வெறுங்கால். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. இரு பக்கமும் இன்னும் கோல் விழவில்லை. மூலையிலிருந்து தைரியநாதன் அடித்த பந்து, தோல் ஊறிக் கருங்கல்லாய்க் கனத்து, சுழன்று வருகிறது. அதன் வாயை இறுக்கிக் கட்டிய தோல்வார் என் பக்கம் திரும்புவது தெரிகிறது. தெரிந்தேதான் எம்பி நெற்றியைக் கொடுக்கிறேன். கண்ணில் பூச்சி பறக்கிறது. பந்து மூங்கில் கம்பங்களுக்கு நடுவே போய் விழுகிறது. விசில், கூச்சல், என்னைத் தூக்கும் சேற்றுக் கைகள். தைரியநாதன் என் மோவாயைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி, வார் பதிந்த தடத்தை விரலால் எண்ணுகிறான். "அஞ்சு கோடுடா. ஒண்ணுகூடத் தப்பாம விழுந்திருக்கு." அக்கா மரிய செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஈரத்துணியோடு வருகிறாள். "வீங்கிக்கிட்டு வருது. இங்கிட்டுத் திரும்பு, ஒத்தி விடுறேன்." நான் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். "நாளைக்குப் பூசைக்கு ஊரே வரும். அதுக்கப்புறம் ஒத்திக்கலாம்க்கா."