பாலிசியில் மூன்று பேர்

"உங்க அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டுன்னு பாலிசியில போட்டிருக்கு. டாக்டர் கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. எது சார் நிஜம்?"

இன்ஷூரன்ஸ் மேஜைப் பெண் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

"இருந்தது மேடம். இப்ப கொஞ்ச நாளா இல்லை."

"ஆஸ்துமா என்ன வாடகைக்கு வந்த ஆளா, காலி பண்ணிட்டுப் போறதுக்கு?" என்று முனகிக்கொண்டே அவள் எதையோ தட்டினாள். "இங்க பாருங்க. எமர்ஜென்சின்னா முதல்ல வைத்தியம், அப்புறம்தான் பேப்பர். அதனாலதான் வந்ததுமே தலையில தையல் போட்டாச்சு. ஆனா தொடை எலும்பு ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி சரின்னு சொல்லணும். சொல்லலைன்னா முழு பில்லும் உங்க தலையில."

"சொல்லிடுவாங்களா மேடம்?"

"ஏன் சொல்ல மாட்டாங்க? பாலிசியில மூணே பேர். நீங்க, உங்க மனைவி, உங்க அம்மா. நேத்து வரைக்கும் ஒரு ரூபா கூட நீங்க கேட்டதில்லை. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

ஏசி காற்று நேராக அவன் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"மேலே சொன்னதெல்லாம் உண்மைன்னு இங்க ஒரு கையெழுத்து."

பேனா காகிதத்தில் பட்டதும் நின்றது. உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் அவன் பொறுப்பாளன். தினம் இருநூறு கையெழுத்துப் போடுகிற கை. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்று என்றால் லாரியையே திருப்பி அனுப்பிவிடுவான். அங்கே அவனுக்கு அப்படி ஒரு நல்ல பெயர்.

போட்டுக் கொடுத்தான்.

சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. அக்கா. வெளியே எடுத்து, மேஜைப் பெண் பார்க்கவே அழைப்பைத் துண்டித்தான்.

"கூடப்பிறந்தவங்களா? எடுத்துச் சொல்லுங்க சார். அம்மா விஷயம், பொண்ணுக்குத் தெரிய வேண்டாமா?"

"அப்புறம் பேசிக்கறேன் மேடம்."

மேஜைப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையே போதும். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

உள்ளே, பச்சைத் திரைக்குப் பின்னால் நர்ஸம்மா குறிப்புப் பலகையோடு நின்றிருந்தார். கட்டிலில் அந்த வயதானவள் தலைக்கட்டோடு கண் மூடிக் கிடந்தாள். அவன் மனைவி அவளுடைய கையை விடாமல் பிடித்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது.

"வாங்க சார். அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

அவன் மனைவியைப் பார்த்தான்.

"சுகர் இருக்கா? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

மனைவி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "காலையில தைராய்டு, ராத்திரி பிரஷர். சுகர் இல்லை. பென்சிலின் போட்டா உடம்பெல்லாம் தடிச்சுடும். இடது முழங்கால்ல பழைய ஆபரேஷன், எட்டு வருஷம் ஆச்சு. அத்தைக்கு ஊசின்னா பயம், கொஞ்சம் மெதுவாப் போடுங்க சிஸ்டர்."

நர்ஸம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மருமகளுக்குத் தெரிஞ்சதுல கால்வாசி மகனுக்குத் தெரியலையே! பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு.

"இன்னொண்ணு. பேரைச் சொல்லி நாலு தடவை கூப்பிட்டேன். வேற யாரையோ கூப்பிடற மாதிரி படுத்திருக்காங்க. காது கேக்காதா?"

"கொஞ்சம் மந்தம்" என்றாள் மனைவி அவசரமாக.

கட்டிலில் கண் லேசாகத் திறந்தது. "பாப்பா, தண்ணி..."

"அட, மருமகளைப் பாப்பாங்கறாங்க! என் மாமியார் இருபது வருஷமா என்னை 'இந்தா'ன்னுதான் கூப்பிடறாங்க. கொடுத்து வெச்சவம்மா நீ."

செல்போன் மறுபடி அதிர்ந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். "அக்காவா? இப்ப எடுக்காதீங்க. கும்பிடறேன்."

துண்டித்தான்.

அரை மணி நேரம் போனது. திரையை விலக்கி மேஜைப் பெண் எட்டிப் பார்த்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு.

"சார், கம்பெனி சரின்னு சொல்லிடுச்சு! மத்தியானமே ஆபரேஷன். அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க."

மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். அவனுக்கு மட்டும் சந்தோஷப்பட மனம் வரவில்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்தான்.

மூன்றாவது முறையாக அக்கா. இந்த முறை எடுத்தான்.

"எத்தனை தடவைடா கூப்பிடறது? அம்மாவுக்கு மூச்சு இழுக்குதுடா. வழக்கம்போல இல்லை, உதடெல்லாம் நீலம் பாரிச்சிடுச்சு. ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. ஐ.சி.யூ.ல சேர்க்கணும்னு நீ குடுத்த இன்ஷூரன்ஸ் கார்டைக் காட்டினா, இந்த அம்மா ஏற்கெனவே வேற ஆஸ்பத்திரியில இருக்காங்க, தொடை எலும்பு ஆபரேஷன்னு கம்ப்யூட்டர்ல வருதாம். என்னைத் திருடி மாதிரி பார்க்கறாங்கடா. அம்மா என்னடான்னா, மூச்சு விட முடியாத நேரத்துலயும் மாஸ்க்கை விலக்கிட்டு, 'என் பிள்ளை ஒழுங்காத்தான் குடுத்திருப்பான், நல்லாப் பார்க்கச் சொல்லு'ங்கறாங்க. நீயே சொல்லு, அங்க யாருடா படுத்திருக்கறது?"

அவன் திரும்பிப் பார்த்தான். திரை இடுக்கில், அதுவரை 'அத்தை, அத்தை' என்று சொல்லிக்கொண்டிருந்த அவன் மனைவி, கட்டிலின் மேல் குனிந்து தன்னை மறந்து தேம்பிக்கொண்டிருந்தாள்: "இனிமே பயமில்லைம்மா... அம்மா... என்னைப் பெத்த அம்மா!"